யாரும் கேட்காத துஷ்டி

1

ஆசிரியை அந்தப் படத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தபோது முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து வயதுக்கு ஆதிரை நன்றாகவே வரைகிறாள். ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் மலை. நாங்கள் இருக்கும் லைப்சிக்கில் மலையே கிடையாது. அது இலஞ்சியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலை. வீட்டுக்கு முன்னால் நான்கு பேர். நான், அவள் அப்பா, அவள். நான்காவது ஆள் அவள் முழங்கால் உயரம்கூட இல்லை.

"இது யார் என்று கேட்டோம். தம்பி என்கிறாள். எங்கள் கோப்பில் உங்களுக்கு ஒரு குழந்தை என்றுதான் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்" என்றார் ஆசிரியை.

"அவளுக்குத் தம்பி இல்லை" என்றேன். நான் ஜெர்மன் மொழியில் பிழையில்லாமல் சொன்ன வாக்கியங்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஆதிரை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை, மறுக்கவில்லை. கடையில் அம்மா விலையைக் குறைத்துச் சொல்லிப் பேரம் பேசும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளை பார்க்குமே, அந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு மற்ற ஷூவை மாட்டினாள்.

ட்ராம் நிறுத்தத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்து அன்றோடு ஆறு மாதம். இதுவரை ஒரு ஆள் எங்களிடம் துஷ்டி கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. சாவே நடக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவது நாங்கள்தான். அதை இப்போது குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் குறிப்புகளை எழுத வேண்டும் என்று தோன்றியது அந்த நிமிடத்தில்தான். எழுதி முடிப்பதற்குள் செய்ய வேண்டிய வேறு சில காரியங்கள் இருந்தன. அவை எப்படி நடந்தன என்பதும் இதில் இருக்கிறது.

2

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குத் துஷ்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு விழுந்த வீடு துஷ்டி வீடு. அங்கே போய்த் துக்கம் விசாரிப்பது துஷ்டி கேட்பது. பேச்சில் "துட்டி". போகிறவர்களை யாரும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். கிளம்பும்போது "போயிட்டு வாறேன்" என்றும் சொல்லக் கூடாது. பெண்கள் உள்ளே நுழைந்ததும் இறந்தவருக்கு நெருக்கமான பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுகை ஓய்ந்ததும், "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். அந்தப் பெண் முதலிலிருந்து சொல்வாள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்வாள். பத்துப் பதினைந்து நாளில் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

சின்ன வயதில் இதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக இருக்கும். எதற்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கிளற வேண்டும்? இன்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கே ஒருவர்கூட "கவலைப்படாதே" என்று சொன்னதாக நினைவில்லை. "சீக்கிரம் சரியாகிவிடும்" என்று யாரும் சொன்னதில்லை. வந்தார்கள், கூட அழுதார்கள், கேட்டார்கள், எழுந்து போனார்கள்.

போன நவம்பரில் எனக்கு ஆறாவது மாதம். ஸ்கேன் அறையில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பாமலே நெடுநேரம் பார்த்தார். துடிப்பு இல்லை. மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் வலி. பையன். செவிலி ஒரு சின்ன வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையை மட்டும் தொட்டேன். என் கணவர் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் தட்டு தட்டும் சத்தத்துக்கு நடுவில் எடுத்தாள்.

"என்னட்டி, இந்த நேரத்துல?"

"போயிட்டும்மா."

"எது போயிட்டு?"

"பிள்ள."

தட்டுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அம்மா வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். 

"சரி. அழாத. உடம்பு எப்படி இருக்கு? ரெத்தம் ரொம்பப் போகுதா? யார்ட்டயும் ஒண்ணும் சொல்லிக்கிடாத. இங்கன யாராச்சும் கேட்டா, கலைஞ்சிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

மேகம் கலையும். கூட்டம் கலையும். தூக்கம் கலையும். நான் வலியெடுத்துப் பெற்ற பிள்ளைக்கு அந்தச் சொல்லா? ஆனால் அன்று நான் "சரிம்மா" என்றுதான் சொன்னேன்.

3

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண் கொடுப்போம், யார் பொறுப்பு என்று எழுதுவோம், சரி செய்ததும் மூடுவோம். மூடியதும் அது பச்சை நிறமாகும். அந்தப் பச்சையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு போதை உண்டு.

துக்கத்தையும் அப்படித்தான் பிடித்தேன். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். கைபேசியில் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு செயலி, தூக்கத்தை அளக்க ஒன்று, மனநிலையை வண்ணத்தால் குறிக்க ஒன்று. விடிந்ததும் ஓட்டம். ராத்திரி நோட்டுப் புத்தகத்தில் "இன்று நான் நன்றி சொல்லும் ஐந்து விஷயங்கள்". ஜனவரியில் என் வண்ணக் கட்டங்கள் எல்லாம் பச்சை. பச்சைதான் வர வேண்டும் என்று பச்சையாகவே போட்டேன் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரியில் ஒரு நாள் ட்ராமில் போகும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்துப் போனது. சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அவசர சிகிச்சையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை. "உங்களுக்கு என்ன செய்கிறது? வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார் அந்த இளம் டாக்டர். ஜெர்மனில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன். எனக்கு வந்த சொல் "வெப்ராளம்". துக்கமும் ஆத்திரமும் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வருமே, அது. அதை அவரிடம் எப்படிச் சொல்ல? "உள்ளே சூடாக இருக்கிறது" என்றேன். காய்ச்சல் பார்த்தார்கள். காய்ச்சலும் இல்லை.

மனநல ஆலோசகர்களின் பட்டியல் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். காத்திருப்போர் வரிசையில் பெயரைச் சேர்ப்பதற்கே வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும். ஏப்ரல் கடைசியில்தான் ஒருவர் கிடைத்தார். நரைத்த முடி, கம்பளிச் சட்டை. நான் என் வண்ணக் கட்டங்களை எல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"துக்கம் வரும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"ஏதாவது செய்வேன்."

"செய்யாவிட்டால்?"

நான் அச்செடுத்த தாள்களை அடுக்கி நேராக்கினேன். "குழந்தையைப் பற்றி யாரிடம் பேசுகிறீர்கள்?" என்று அடுத்ததைக் கேட்டார். உங்களிடம்தான் என்றேன். கணவரிடம்? அவர் வேலைக்குப் போய்விடுகிறார் என்றேன்.

அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அதை எழுதத்தான் இந்த மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

4

என் கணவர் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர். எனக்கு முறை மாப்பிள்ளை இல்லை என்றாலும் ஊர் வழக்கப்படி அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். என் வேலைக்காக அவருடைய வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறார். வாரம் மூன்று நாள் ஜெர்மன் வகுப்பு. புரியாததற்கெல்லாம் "யா, யா" என்று தலையாட்டுவார். எங்களுக்குள் அது பெரிய சிரிப்பாக இருந்தது. ஒருமுறை அப்படித் தலையாட்டி மூன்று ஆண்டுச் செய்தித்தாள் சந்தா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

எடை மிகக் குறைவாகப் பிறந்து இறந்த குழந்தைகளை இங்கே பிறப்புப் பதிவில் சேர்ப்பதில்லை. ஆனால் பெற்றோர் விரும்பினால் பதிவு அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கேட்டு வாங்கலாம். மருத்துவமனையிலேயே சொன்னார்கள். டிசம்பரில் போனோம். எண் எடுத்து, காத்திருந்து, எண் வந்தபோது என்னால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அத்தான் தனியாக உள்ளே போனார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

அந்தப் பெண் அலுவலர் மெல்லிய குரலில் கேட்டார். "ஃபோர்நாமே?" குழந்தையின் பெயர்.

எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை. சட்டை வாங்குவதில்லை, தொட்டில் வாங்குவதில்லை. முன்கூட்டியே வைத்தால் ஆகாது. அதனால் பெயர் இல்லை என்று சொல்வதாகத்தான் முடிவு. ஜெர்மனில் "இல்லை" என்பதற்கு "கைன்". வழியெல்லாம் அத்தான் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கைன்" என்றார். கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே போய்விட்டது.

"கை?" என்றார் அந்த அலுவலர். "கை. அழகான பெயர்."

"யா, யா" என்றார் அத்தான்.

ஜெர்மானியர்களிடம் கை என்று ஆண் பெயர் உண்டு. சான்றிதழைப் பஸ் நிறுத்தத்தில் பிரித்துப் பார்த்தோம். எங்கள் குடும்பப் பெயருக்கு முன்னால், அழகான கறுப்பு எழுத்தில், கை.

நான் கத்தினேன். அந்தக் குளிரில், அத்தனை பேர் நிற்கும்போது, தமிழில் கத்தினேன். "ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லத் தெரியாதா? அவன் பேரில்லாமப் போகக்கூட விடமாட்டியளா?"

அத்தான் தாளை இரண்டாக மடிக்காமல், கசங்காமல், சட்டைக்குள் வைத்துக்கொண்டார். திருத்துவதற்கு இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டும். நாங்கள் எழுதவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்தினார். இப்போது ரொட்டிக் கடையில்கூட விரலால்தான் காட்டுகிறார். "யா, யா" என்பதும் போய்விட்டது. கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்குகிறார். கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுகிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன், ஒரு குறுஞ்செய்தியில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

5

ஜூலையில் நானும் ஆதிரையும் ஊருக்குப் போனோம். அத்தானுக்கு விடுப்பு இல்லை. இருந்தும் கேட்கவில்லையோ என்னவோ. சாரல் தொடங்கியிருந்தது. இலஞ்சியில் காற்றே ஈரமாக இருந்தது.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். இந்த முறை அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, நடந்தது சாவு என்று அவளைச் சொல்ல வைத்துவிட வேண்டும். அவள் சொல்லிவிட்டால் சொந்தங்கள் சொல்லும். பிறகு நான் ஆதிரையிடம் சொல்லலாம், அத்தானிடம் சொல்லலாம். ஆலோசகரிடம்கூடப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன், உட்கார வைத்துக் கேட்கிற உங்கள் வைத்தியம் எங்கள் ஊரில் துஷ்டி என்ற பெயரில் எப்போதோ இருக்கிறது என்று.

வந்த அன்றே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "வேற ஏதும் விசேஷம் உண்டுமா?" எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் வயிற்றில் இருப்பது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "இப்பத்தான் வந்திருக்கா, இருங்க, காப்பியக் குடிங்க" என்பாள்.

பக்கத்து வீட்டு மதினி ஆதிரையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏட்டி, உனக்குத் தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?"

ஆதிரைக்குத் தமிழ் புரியும். பதில் சொல்லும்போது ஜெர்மன் வந்துவிடும். தம்பி ஏற்கெனவே இருக்கிறான் என்று சொன்னாள். ரொம்ப இயல்பாக, தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னமோ இங்கிலீஷ் பேசுதா. என்னட்டி சொல்லுதா ஒம் மக?"

"சாக்லேட் வேணுமாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மதினி உள்ளே போய் சாக்லேட்டே எடுத்துக்கொண்டு வந்தாள். ஆதிரை அதை வாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஊரில் யாரிடமும் பேசவில்லை. "பிள்ளைக்குக் கூச்சம்" என்றார்கள்.

மறுநாள் அம்மா குற்றாலம் சந்தையிலிருந்து ஒரு துரியன் பழம் வாங்கி வந்தாள். அருவிச் சீசனில் வரும் பழம். பிள்ளை தங்காதவர்கள் சாப்பிட்டால் தங்கும் என்பார்கள். அதனால் விலை கண்டபடி ஏறும். வீடெல்லாம் அந்த வாடை. அம்மா சுளையை எடுத்துத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"தின்னு."

"அம்மா, எனக்குப் பிள்ள தங்காம இல்ல. தங்குனான். செத்துப் போனான்."

"வாயில அப்படிச் சொல்லாத."

"நீ ஏத்துக்கிடணும்மா. மனசுல இருக்கதச் சொல்லாம அமுக்குனா அது உடம்புல வந்து நிக்கும். எனக்கு நின்னுச்சு. டாக்டரே சொன்னாவ."

"எனக்கு உடம்புல சீனிதான் நிக்கி. நீ இதத் திங்கியா, இல்ல தூரப் போடவா?"

தின்றேன். மூன்று சுளை. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

6

அந்த வாரக் கடைசியில் பாவூர்சத்திரத்தில் ஒரு சாவு. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். நன்றாக வாழ்ந்து, எண்பதைத் தாண்டி, தூக்கத்தில் போனவர். நான் அவரை வாழ்க்கையில் நான்கைந்து தடவை பார்த்திருப்பேன். பார்க்கும்போதெல்லாம் பையில் வெண்டைக்காய் போட்டுக் கொடுப்பார்.

அம்மாவோடு போனேன். மார்க்கெட்டுக்காரர்கள் டெம்போவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் இருந்தார்கள். உள்ளே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா. அதைச் சுற்றிப் பெண்கள். மாமாவின் மனைவி, என் அத்தை, என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தாள்.

"ஏ முப்பி, ஒன் மாமாவப் பாத்தியாட்டி!"

என் முழுப் பெயர் முப்பிடாதி. என்னை அப்படிக் கூப்பிட்டு, அப்படி இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் அழுது எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அத்தையின் கழுத்தில் என் முகம் பட்டதும் எனக்குள் எதுவோ பிய்ந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏ ராசா! ஒம் முகத்தப் பாக்காம விட்டுட்டனே! ஒரு தடவ பாக்காம விட்டுட்டனே!"

"ஆமாட்டி, சாவுற அன்னிக்குக்கூட வெளிநாட்டுல இருக்க பிள்ள எப்ப வருதுன்னு கேட்டாவ" என்றாள் அத்தை அழுதுகொண்டே. "இந்தா, இப்பப் பாரு. நல்லாப் பாத்துக்கிடு. தூங்குத மாதிரி இருக்காவல்லா."

கண்ணாடிப் பெட்டியின் பக்கம் என்னைத் திருப்பினார்கள். பார்த்தேன். வயதான, அமைதியான, மூக்கில் பஞ்சு வைத்த முகம். நான் இன்னும் சத்தமாக அழுதேன். நவம்பரில் அந்தச் சின்னத் துணியை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று நினைத்தேன். கையை மட்டும் தொட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆலோசகரிடம்கூடச் சொன்னதில்லை. பாவூர்சத்திரத்தில் ஐம்பது பேருக்கு நடுவில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் புரியவில்லை.

எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். முகத்தைத் துடைத்துவிட்டார்கள். "பெத்த மகளே இப்படி அழல" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது கேட்டது. "பாசம்னா பாசம். கடல் தாண்டிப் போயும் மறக்கல பாரு" என்றாள் இன்னொருத்தி. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி வலித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"மாமாவுக்கா அழுத?"

"இல்ல."

"தெரியும்."

தென்காசியில் இறங்கும்போது சொன்னாள். "நான் கேக்காம இருந்தது ஒனக்காகத்தான். துட்டின்னு சொல்லிட்டா அது வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும். அடுத்த பிள்ளைய வரவிடாது. கலைஞ்சிட்டுன்னா வெளியிலயே போயிரும்."

"போகலம்மா."

"ம்" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் என்னிடம் வீட்டு வேலை தவிர வேறு பேசவில்லை.

7

நான்காம் நாள் காலையில் அம்மாவே, "வா, ஐந்தருவிக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். ஆதிரையை என் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனோம். வாரநாள் என்பதால் கூட்டம் குறைவு. தண்ணீர் நல்ல வேகம். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தோம். அருவிக்குள் நிற்கும்போது தலையில் அடிக்கிற அடியில் வேறு எதுவும் நினைக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது.

அம்மா என் பக்கம் திரும்பி வாயை அசைத்தாள்.

"என்னது?"

மறுபடி அசைத்தாள்.

"கேக்கலம்மா!"

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டே, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"யாரு சாடைட்டி? பிள்ள யாரு சாடைல இருந்தான்?"

எனக்குப் பக்கத்தில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிச் சிரித்தாள். முன்பின் தெரியாதவள். "யாரு சாடையா இருந்தா என்ன, ஆம்பளப் பிள்ளல்லா? நல்லா இருக்கட்டும்! எத்தன மாசம் ஆவுது?"

அம்மா அவளைப் பார்த்தாள். தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. சும்மா சிரித்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்திருக்கலாம்.

"இல்லம்மா. என் பேரன் போயிட்டான். போன நவம்பர்ல. இவ வயித்துலயே."

அந்தப் பெண்ணின் கை தலையிலேயே நின்றுவிட்டது. சீயக்காய் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போனது. அவள் துடைக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஐயோ எம்மா. எப்படி ஆச்சு?"

சொன்னேன். அருவிச் சத்தத்துக்கு மேல், கத்திக் கத்தி, முதலிலிருந்து சொன்னேன். ஸ்கேன் அறை, டாக்டர் திருப்பாத திரை, பகலும் இரவும் வலி, வெள்ளைத் துணி. பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் கையை விடவில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து, "நேரமாச்சு, வெளிய வாங்க, அடுத்தாளு நிக்கோம்லா" என்று சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லாமல் போனாள் என்று நினைக்கிறேன்.

ஈரத்தோடு படியில் உட்கார்ந்தோம். அம்மா தலைமுடியை முன்னால் போட்டுப் பிழியத் தொடங்கினாள். 

"நீ சொல்லவே இல்லியே, யாரு சாடைன்னு."

"தெரியாதும்மா. நான் முகத்தப் பாக்கல. பயமா இருந்துச்சு. அத்தான்தான் கையில வாங்கிப் பாத்தாவ."

"மாப்பிள்ள என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ கேக்கலியா?"

"இல்ல."

அம்மா தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எட்டு மாசமாவா?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. கணக்குப் பார்க்கிற குரல்கூட இல்லை. அவளுக்கு நிஜமாகவே நம்ப முடியவில்லை. எனக்கும்தான். என்னிடம் யாரும் துஷ்டி கேட்கவில்லை என்று ஒரு கண்டம் தாண்டி வந்து அழுதேன். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் ஆள் நான். அவனைக் கையில் ஏந்தியவர் அவர். அவரிடம் நான் பேசிய ஒரே பேச்சு, அந்தப் பஸ் நிறுத்தத்தில் கத்தியது.

8

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. ஊரில் ஒரு பெண்ணிடம் சொன்னதால் இங்கே ட்ராமில் நெஞ்சு அடிக்காமல் இல்லை. போன செவ்வாய்கூட அடித்தது. இறங்கிவிடாமல், மூச்சை எண்ணாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு நிறுத்தம் வரை இருந்தது. பிறகு குறைந்தது. மனநிலைச் செயலியைத் திறந்து கறுப்பு நிறம் போட்டேன். முதல் கறுப்பு.

ஆதிரையிடம் சொன்னேன். "உனக்குத் தம்பி இருந்தான். செத்துப் போயிட்டான். அம்மா பொய் சொல்லிட்டேன்." அவள், "தெரியும்" என்றாள். தமிழில் சொன்னாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

அத்தானிடம் இன்னும் கேட்கவில்லை. விமான நிலையத்துக்கு என் குளிர்ச் சட்டையோடு வந்து நின்றார். இளைத்திருந்தார். ஊரில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். ஒவ்வொரு நாளும் கேட்க வாயெடுக்கிறேன். அவர் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கிவிடுகிறார், நான் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆதிரையை ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அந்த மூன்று மணி நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். காப்பி போடப் போவதில்லை. எப்படி இருக்கீங்க என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய்த் தரையில் உட்காரப் போகிறேன். சமையலறை என்றால் சமையலறைத் தரை. உட்கார்ந்து, பிள்ளை யார் சாடையில் இருந்தான் என்று கேட்கப் போகிறேன்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். கோபப்படலாம். எட்டு மாதம் கழித்து இப்போது எதற்கு என்று கேட்கலாம், கேட்க அவருக்கு உரிமை உண்டு. எனக்கு உண்மையில் பயம் அதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அந்த நேரத்தில் அவரும் துணியை விலக்கவில்லை என்றால்? அவரும் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்றால்? அப்படியானால் அந்த முகத்தை எங்கள் இருவரில் யாருமே பார்க்கவில்லை. அதையும் அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போகாமல் அங்கேயே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அவ்வளவுதான் வைத்திருக்கிறேன்.